டிரில் பீரியடும் கண்மாய்க்குள் ஒரு வலையும்



பங்குனியில் பருத்தி மூட்டை ஏத்த மகனைக் கூப்பிட்டேன். ஒன்பதாம் வகுப்பு. ஒரு மூட்டைக்குத் தோள் கொடுத்தவன் மூச்சு வாங்கி வரப்பில் உட்கார்ந்துவிட்டான். "உங்களுக்கு டிரில் பீரியட் இல்லையாடா?" என்றேன். "டைம்டேபிள்ல இருக்குப்பா. கணக்கு சார் எடுத்துக்குவாரு" என்றான்.

அந்த டிரில் என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்துப் பள்ளிக்கூடங்களில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். வரிசையில் நில், கையைத் தூக்கு, இறக்கு, அவ்வளவுதான். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு அவர்தான் மேலாளர். பட்டாளத்து டிரில் போதாது, பிள்ளைகள் விளையாடணும், அதைச் சொல்லிக்கொடுக்கப் படித்த வாத்தியார் வேணும் என்பதுதான் அவர் பிடித்த பிடி.

வாலிபால் 1895-ல் அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. ஒன்றில் பிறந்த ஆட்டம். அது நம்ம பக்கம் பரவியதில் சென்னைக் கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே படித்த வாத்தியார்கள் ஊர் ஊராகப் போனார்கள். ரெண்டு கம்பு, ஒரு வலை, ஒரு பந்து. அதனால்தான் ஏழை ஊரிலும் அது நின்றது. திருமங்கலத்தைச் சுற்றிய கரிசல் ஊர்களில் கோடையில் கண்மாய் வற்றினால் அதுதான் எங்களுக்கு மைதானம். ஒரு பக்கம் சடுகுடு, ஒரு பக்கம் கிட்டிப்புள், நடுவில் வாலிபால் வலை. யாரும் அதை உடற்கல்வி என்று சொல்லித் தரவில்லை.

மதுரைக்குக் கிழக்கே சக்கிமங்கலம். அந்த ஊர் ரேவதி சின்ன வயசிலேயே அப்பா அம்மாவை இழந்தவர். கூலி வேலை பார்த்த பாட்டி வளர்த்தார். பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடியவரைப் பயிற்சியாளர் கண்ணன் கவனித்தார். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். கால் வலு அந்தப் பிள்ளையிடம் முன்னமே இருந்தது. கண்டுபிடிக்க ஒரு போட்டியும், பார்க்க ஒரு வாத்தியாரும் தேவைப்பட்டது. டிரில் பீரியடைப் பிடுங்கினால் இந்த ரெண்டும்தான் போகும்.

எல்லாரும் ஒலிம்பிக் போகவேண்டியதில்லை. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குத் தினம் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு வேர்க்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகத்தில் 11 முதல் 17 வயதுக்காரர்களில் 100-க்கு 81 பேருக்கு அந்த அளவு இல்லை என்று 2019-ல் ஒரு ஆய்வு வந்தது. நம்ம நாட்டுக் கல்வி உரிமைச் சட்டமே, 2009-ல் வந்தது, பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேணும் என்று அட்டவணையில் சொல்கிறது. மைதானம் இருந்தும் பிள்ளை வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தால் என்ன பிரயோஜனம்?

வாத்தியாரை மட்டும் சொல்லிக் குத்தமில்லை. "நீ படி, காட்டு வேலையை நான் பாத்துக்கிறேன்" என்று அவன் கையிலிருந்து மம்பட்டியை வாங்கியவன் நான். வீட்டு வாசலுக்கு வேன் வரவைத்தவனும் நான். நடக்கிற தூரம்கூட அவனுக்கு மிச்சமில்லாமல் பண்ணிவிட்டேன். நகரத்தில் இருக்கும் நீங்கள் கிராமத்துப் பிள்ளை ஓடியாடி வளரும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இப்போது ரெண்டு பக்கமும் ஒரே கதைதான்.

சித்திரையில் கண்மாய்க்குள் பழைய வலையை மறுபடி கட்டினோம். முதல் நாள் அவன் போட்ட சர்வீஸ் வலையையே தொடவில்லை. இப்போது ஐந்துக்கு மூணு தாண்டுகிறது.

ஜூனில் அவன் பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்பு என்றால் டிரில் பீரியடே கிடையாதாம். பள்ளி திறக்கிற அன்றைக்குப் போய்க் கேட்கப் போகிறேன், மார்க்கைப் பற்றி இல்லை, அந்த ஒரு பீரியடைப் பற்றி. நீங்களும் உங்கள் பிள்ளையிடம் இன்றைக்கு ராத்திரி கேட்டுப் பாருங்கள்: இந்த வாரம் டிரில் பீரியட் நடந்துச்சா?