வடசென்னைக் கடலோரமும் தொலையுணர்வும்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடலோரம், தமிழ்நாட்டில் கடலரிப்பால் நெடுங்காலமாகப் பாதிக்கப்பட்டுவரும் பகுதிகளுள் ஒன்று. இங்குக் கரைக்கோட்டின் நகர்வை அளவிடச் செயற்கைக்கோள் படங்கள் பயன்படுகின்றன.

பின்னணி

சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே நகர்கிறது. ஆண்டுக் கணக்கில் வடக்கே செல்லும் மணலே மிகுதி. 1870-களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் இம்மணலை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது; வடக்கே இராயபுரம் கரை அரிக்கப்பட்டது. மீனவர் குப்பங்களின் வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. அரிப்பைத் தடுக்கக் கற்கள் கொட்டப்பட்டன. பின்னர் தூண்டில் வளைவுகள் அமைக்கப்பட்டன. கற்கள் குவிந்த இடங்களில் படகுகளைக் கரையேற்ற மணல்வெளி இல்லாமற்போனது.

கரைக்கோட்டை அளத்தல்

1972-இல் அமெரிக்காவின் லேண்ட்சாட்-1, 1988-இல் இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்-1ஏ ஆகியவை ஏவப்பட்டன. அதற்கு முந்தைய நிலையை அறியப் பழைய நில அளவை வரைபடங்கள் துணைபுரிகின்றன. சூரிய ஒளியிலுள்ள அண்மை அகச்சிவப்புக் கதிர்களை நீர் உறிஞ்சிவிடும், மணல் எதிரொளிக்கும். எனவே படத்தில் கடல் கறுப்பாகவும் கரை வெளிச்சமாகவும் தெரியும். வெவ்வேறு ஆண்டுகளின் எல்லைக்கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால் கரை எவ்வளவு நகர்ந்தது என்பது புலப்படும். ஒரே பருவத்துப் படங்களை, ஓதத்தின் அளவையும் கருத்திற்கொண்டு ஒப்பிட வேண்டும். இல்லையெனில் நீரின் ஏற்றஇறக்கமே அரிப்பாகத் தோன்றிவிடும்.

ஆழத்தை அறிதல்

நீலம், பச்சை ஒளிகள் தெளிந்த நீரில் ஆழமாக ஊடுருவும். மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் போன்ற இடங்களில் கடலடி எதிரொளிக்கும் ஒளியைக்கொண்டு ஆழத்தைக் கணிக்கலாம். எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலையாறு கொண்டுவரும் வண்டலும் அனல்மின் நிலையச் சாம்பலும் நீரைக் கலக்குவதால் இம்முறை எளிதில் பயன்படாது. அங்குப் படகிலிருந்து எதிரொலி ஆழமானியால் அளக்க வேண்டும். கரை இடியும் முன்பே நீருக்கடியில் மணல் குறையக்கூடும் என்பதால் இந்த அளவீடு இன்றியமையாதது.

முக்கியத்துவம்

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2016 வரையிலான படங்களைக்கொண்டு செய்த ஆய்வில், இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளானது தெரியவந்தது. கடல் கரையைத் தின்பதை வடசென்னை மீனவர்கள் செயற்கைக்கோள்களுக்கு முன்பே கண்டிருந்தனர். அதற்கு ஆண்டையும் அளவையும் சேர்த்துத் தந்தது தொலையுணர்வு. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் செயல்படத் தொடங்கியது. அதன் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்தது. ஒரு கட்டுமானத்துக்கு முன்னும் பின்னும் கரை இருந்த நிலையை ஒப்பிட இப்படங்களே சான்றாகின்றன.