டாக்டர் ஷிப்மேன்: தாமதமாக வந்த தண்டனை

2000-ம் ஆண்டு பிப்ரவரி 11. பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில், ஹரோல்ட் ஷிப்மேன் என்ற குடும்ப டாக்டரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. 15 நோயாளிகளைக் கொன்றதற்காக அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்து அப்போது 11 நாட்கள் ஆகியிருந்தன. ஆனால் அவர் கைதானது 1998 செப்டம்பர் 7-ல். சிறையில் கம்பி எண்ணிக்கொண்டிருந்த அந்த 17 மாதங்களும் பதிவேட்டின்படி அவர் டாக்டர்தான்!

கவுன்சில் ஏன் இவ்வளவு காலம் காத்திருந்தது? கோர்ட் தீர்ப்பு வந்த பிறகே ஒழுங்கு நடவடிக்கை என்பது அன்றைய நடைமுறை. இடைக்காலத் தடை விதிக்கும் அதிகாரமும் குறுகலாகவே இருந்தது. 2000-ல்தான் சட்டத்தைத் திருத்தி அதை விரிவாக்கினார்கள்.

சரி, இந்த 17 மாதத் தாமதத்தால் யாராவது செத்தார்களா? இல்லை, ஆள் உள்ளே இருந்தார். உயிர்களைப் பலி வாங்கியது அதற்கு முன்பு நடந்தவை.

முதல் வாய்ப்பு: 1976

யார்க்‌ஷயரின் டாட்மார்டன் ஊரில் வேலை பார்த்தபோது, பெத்திடின் என்ற வலிநிவாரணி மருந்துக்கு ஷிப்மேன் பொய்ச் சீட்டுகள் எழுதினார். மருந்து அவருக்கே, அந்தப் போதைக்கு அவர் அடிமையாகியிருந்தார். கோர்ட் 600 பவுண்ட் அபராதம் விதித்தது. மருத்துவக் கவுன்சிலோ விசாரணைக் குழுவின் முன் நிறுத்தாமல், ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விஷயத்தை முடித்துக்கொண்டது. போதை மருந்துகளைக் கையாள அவருக்குத் தடையும் இல்லை. 1977-ல் மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவர் கொலைக்குப் பயன்படுத்திய மருந்து டயாமார்பின்.

இரண்டாவது வாய்ப்பு: 1998

பிரிட்டனில் அப்போது ஓர் உடலைத் தகனம் செய்ய இரண்டாவது டாக்டரின் கையெழுத்தும் வேண்டும். ஷிப்மேனின் படிவங்களில் அப்படிக் கையெழுத்திட்டு வந்தவர்கள் பக்கத்து கிளினிக் டாக்டர்கள். இவருடைய நோயாளிகள் மட்டும் ஏன் இத்தனை பேர் சாகிறார்கள் என்று அவர்களில் ஒரு பெண் டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. மார்ச் மாதம் மரண விசாரணை அதிகாரியிடம் சொன்னார். போலீஸ் ரகசியமாக விசாரித்தது. ஆனால் ஷிப்மேனின் பழைய தண்டனையைத் தேடிப் பார்க்கவில்லை, கவுன்சிலிடமும் கேட்கவில்லை. ஏப்ரல் 17-ல் விசாரணை முடிந்தது. அதன்பின் மேலும் 3 பெண்கள் கொல்லப்பட்டார்கள்.

கடைசியாக இறந்தவர் ஊரின் முன்னாள் மேயர், வயது 81. சொத்தை டாக்டருக்கே எழுதிவைத்ததாக வந்த போலி உயிலைப் பார்த்து, வக்கீலான அவர் மகள் போலீஸுக்குப் போனார். அதில்தான் ஷிப்மேன் மாட்டிக்கொண்டார்.

பிறகு

நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணை, 215 பேரை அவர் கொன்றதாக 2002-ல் அறிவித்தது. நோயாளிகளைவிட டாக்டர்களின் நலனையே கவுன்சில் பெரிதாக நினைத்தது என்று 2004 டிசம்பர் அறிக்கை சாடியது. அதைக் கேட்க ஷிப்மேன் உயிரோடு இல்லை. அதே ஆண்டு ஜனவரியில் சிறையில் தூக்குப் போட்டுக்கொண்டார்.

மாற்றங்கள் மெதுவாகத்தான் வந்தன. டாக்டர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயம் 2012-ல் வந்தது. இறப்புக்கு ஒரு டாக்டர் சொல்லும் காரணத்தை, சம்பந்தமில்லாத இன்னொரு டாக்டர் சரிபார்க்க வேண்டும் என்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கட்டாயமானது 2024 செப்டம்பரில். அந்தப் பெண் டாக்டர் 1998-ல் கேட்ட கேள்வி சட்டமாக 26 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.