பீட்ரூட்டும் சிவப்பு மத்தாப்பும்

பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் மனுக்களைப் புரட்டுகிறவனுக்கு வேதியியலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் இருப்பது கோலாப்பூரில். திரும்பிய பக்கமெல்லாம் கரும்பு. சர்க்கரை ஆலைக் கணக்குகளைப் பார்த்துப் பார்த்து மொலாசஸ் என்ற சொல் கனவில்கூட வருகிறது. அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனபோது ஒரு விசித்திரம் கிடைத்தது. சர்க்கரையும் மத்தாப்பும் நெருங்கிய உறவுக்காரர்கள்!

கதை பெர்லினில் ஆரம்பிக்கிறது. ஆந்திரியாஸ் மார்கிராஃப் (1709-1782) ஒரு மருந்துக்கடைக்காரரின் மகன். 1747-இல் பீட்ரூட்டைக் காயவைத்து, பொடித்து, சாராயத்தில் ஊறவைத்து வடித்தார். படிந்த படிகங்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கரும்புச் சர்க்கரையேதான்! கரும்புக்கும் கிழங்குக்கும் ஒரே சரக்கு என்று முதலில் நிரூபித்தவர் அவர்.

சுமார் பத்து வருஷம் கழித்து அதே மனிதர் இரண்டு உப்புகளை நெருப்பில் காட்டினார். ஒன்று சோடாவிலிருந்து வந்தது, இன்னொன்று மரச்சாம்பலிலிருந்து. கண்ணால் பார்த்தால் இரண்டும் வெள்ளைப் பொடி. நெருப்பிலோ முதலாவது மஞ்சளாகவும் இரண்டாவது வெளிர் ஊதாவாகவும் எரிந்தது. இன்று நாம் சோடியம், பொட்டாசியம் என்கிறோம். எங்கள் பாஷையில் சொன்னால் இது கையெழுத்துச் சரிபார்ப்பு. ஆள் எந்த வேஷத்தில் வந்தாலும் சுடரில் போடுகிற கையெழுத்து மாறாது.

காரணம் பின்னால்தான் புரிந்தது. சூட்டில் அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரான் மேல்படிக்குத் தாவுகிறது. திரும்ப இறங்கும்போது வாங்கிய சக்தியை ஒளியாகக் கொடுத்துவிடுகிறது. படிகளின் உயரம் தனிமத்துக்குத் தனிமம் வேறு, அதனால் நிறமும் வேறு. இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். உப்புப் போட்ட குழம்பு பொங்கி அடுப்பில் வழியும்போது நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகிறதே, அது சோடியத்தின் கையெழுத்து. (வீட்டுச் சோதனை அந்த மட்டில் நிற்கட்டும். குளோரேட், நைட்ரேட் உப்புகளோடு சர்க்கரையைக் கலந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். அது விரலை வாங்கிவிடும்.)

சரி, மார்கிராஃபுக்கு இதனால் என்ன லாபம்? ஒரு பைசா இல்லை. பீட்ரூட் சர்க்கரை ஐம்பது வருஷத்துக்கு மேல் தூங்கியது. அவருடைய மாணவர் அச்சார்ட், பிரஷ்ய அரசர் கொடுத்த பணத்தில், சைலீசியாவில் கூனெர்ன் என்ற ஊரில் முதல் ஆலையைக் கட்டினார். 1802-இல் அது ஓட ஆரம்பித்தது. பிறகு போர் வந்து ஆலை எரிந்தது. 1821-இல் அச்சார்ட் வறுமையில் இறந்தார். இதற்கு நடுவில் நெப்போலியன் பிரிட்டிஷ் சரக்கை ஐரோப்பாவுக்குள் விடமாட்டேன் என்று 1806-இல் தடை போட, கரும்புச் சர்க்கரை வரத்து சுருங்கியது. 1811-இல் பீட்ரூட் பயிரிடச் சொல்லி உத்தரவே போட்டார். அடிமைகளின் உழைப்பில் விளைந்து கப்பலில் வந்த சர்க்கரைக்கு, ஐரோப்பாவின் சொந்த வயலிலேயே ஒரு போட்டி முளைத்தது.

இப்போது சிவப்பு. ஸ்காட்லாந்தில் ஸ்ட்ரான்ஷியன் என்ற கிராமம். அங்கே கிடைத்த ஒரு கனிமத்தில் புதுச் சரக்கு இருக்கிறது என்று 1790-இல் சந்தேகப்பட்டார்கள். தாமஸ் சார்லஸ் ஹோப் அதை நெருப்பில் காட்டினார். அருமையான சிவப்பு! 1808-இல் ஹம்ஃப்ரி டேவி உலோகத்தையே பிரித்தெடுத்தார். ஊர்ப் பெயரே தனிமத்தின் பெயராகி, ஸ்ட்ரான்ஷியம் ஆயிற்று. சிவகாசி மத்தாப்பின் சிவப்பும் இதே ஸ்ட்ரான்ஷியம்தான்.

இந்த மத்தாப்புச் சரக்கு சர்க்கரை ஆலைக்குள் நுழைந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகில், அதாவது மொலாசஸில், பாதிக்குப் பாதி சர்க்கரை இன்னும் இருக்கும். ஆனால் படிகமாக மறுக்கும். கணக்குப்பிள்ளைக்கு இதைவிட வயிற்றெரிச்சல் உண்டா? ஸ்ட்ரான்ஷியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் சர்க்கரை அதோடு ஒட்டிக்கொண்டு கரையாமல் கீழே படியும். வடிகட்டி, கரியமில வாயுவை ஊதினால், ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட்டாக ஒதுங்கிவிடும், சர்க்கரை தண்ணீரில் நிற்கும். கார்பனேட்டைச் சுட்டு மறுபடி பயன்படுத்தலாம். டூப்ரன்ஃபோ 1849-இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. 1870-களுக்குப் பிறகு ஜெர்மனியில் சூடுபிடித்தது.

உடனே ஜெர்மனியின் மூன்ஸ்டர்லாந்து பகுதியில், விவசாய நிலங்களுக்கு அடியில் கிடந்த கனிமத்துக்கு யோகம் அடித்தது. ஏராளமான சுரங்கங்கள் தோண்டினார்கள். 1884 வாக்கில் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரிலிருந்து வேறொரு ஸ்ட்ரான்ஷியம் கனிமம் மலிவாக வந்து இறங்கியது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. ஒரே சரக்கை நம்பித் தொழில் நடத்துகிறவர்களுக்கு எந்தக் காலத்திலும் இதே பாடம்தான்.

நம் கரும்பு மொலாசஸுக்கு இந்த வித்தை சரிப்படாது. அதில் குளுக்கோஸ் வகைச் சர்க்கரைகள் அதிகம், அவை வேலையைக் கெடுத்துவிடும். அதனால்தான் இங்கே அது சாராய ஆலைக்கும் எத்தனால் தொட்டிக்கும் போகிறது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். கிழங்கைச் சாராயத்தில் ஊறவைக்கிறேன், உப்பை நெருப்பில் காட்டுகிறேன் என்று மார்கிராஃப் என் மேஜைக்குக் கடன் மனு கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வருமானம் எங்கே, ஜாமீன் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்போம். ஆனால் அந்தச் சுடரை முப்பட்டகம் வழியாகப் பார்த்தே 1860-இல் ஹைடல்பெர்க்கில் புன்சனும் கிர்க்காஃபும் சீசியத்தைக் கண்டுபிடித்தார்கள். அதைப் பிரித்தெடுக்கக் காய்ச்சிய ஊற்றுநீர் சுமார் 44,000 லிட்டர், கிடைத்தது சில கிராம் உப்பு! 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தன்று நம் குண்டூரில் ஜான்சென் சூரியனின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அந்த வருஷம் சூரிய ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு சோடியத்துடையது அல்ல என்று பிற்பாடு புரிந்தது. அதுதான் ஹீலியம்.

கிர்க்காஃப் பற்றிச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. சூரியனில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்று அவர் சொன்னபோது, அவருடைய வங்கிக்காரர், “சூரியனில் தங்கமே இருக்கட்டுமே, கீழே கொண்டுவர முடியாவிட்டால் என்ன பிரயோஜனம்?” என்றாராம். பின்னாளில் அந்த ஆராய்ச்சிக்குப் பரிசாகக் கிடைத்த தங்க நாணயங்களைக் கிர்க்காஃப் அவரிடமே டெபாசிட் செய்து, “இதோ, சூரியனிலிருந்து வந்த தங்கம்” என்றாராம்.

எங்கள் இனத்தைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை :-)