கிராம்புத் தைலமும் பூஞ்சை மாத்திரையும்

தயிர்த் திப்பி போல வெள்ளைப்படுதல், கூடவே அரிப்பு, எரிச்சல். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் நம் வீட்டுப் பெண்கள் பலர் இதை வெளியே சொல்லத் தயங்கி, நாட்டு மருந்துக் கடைத் தைலத்தைத் தேடுகிறார்கள். இப்படி வந்தால் பெரும்பாலும் கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சைதான் காரணம். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள் ஆகியோருக்கு எளிதில் வரும். பல்செட் அணியும் பெரியவர்களுக்கு வாயிலும் வரும். சர்க்கரைக்குத் தபாக்ளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்குச் சிறுநீர் வழியே சர்க்கரை வெளியேறுவதால், ஆண்களுக்கும் இந்தத் தொற்று வரலாம்.

மருத்துவர்கள் இதற்கு அதிகம் எழுதித் தருவது ஃப்ளூகோனசோல். பூஞ்சை தன் செல்லின் மேலுறைக்கு எர்கோஸ்டெரால் என்ற பொருளைத் தயாரிக்கிறது. அந்தத் தயாரிப்பை இம்மாத்திரை தடுக்கிறது. இதனால் பூஞ்சையின் வளர்ச்சி நிற்குமே தவிர, அது அடியோடு செத்துவிடாது. இம்மாத்திரைக்குக் கட்டுப்படாத கேண்டிடாக்களும் பெருகிவிட்டன. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் கேண்டிடா ஆல்பிகன்ஸ், கேண்டிடா ஆரிஸ் இரண்டும் முதல் வரிசையில் உள்ளன.

தைலத்தின் பக்கம் ஆய்வாளர்கள் பார்வை திரும்பியது இதனால்தான். கிராம்புக்கு அந்த மணத்தையும் காரத்தையும் தருவது யூஜினால். புது டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா ஆய்வாளர்கள், நோயாளிகளிடம் எடுத்த கேண்டிடாவின் மீது யூஜினாலையும் ஃப்ளூகோனசோலையும் சேர்த்துச் சோதித்து 2010-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். தனித்தனியே தேவைப்பட்டதை விடக் குறைந்த அளவிலேயே இரண்டும் சேர்ந்து பூஞ்சையை அடக்கின. மாத்திரை மேலுறையைப் பலவீனமாக்க, யூஜினால் அதே மேலுறையைச் சிதைக்கிறது. ஓமத்திலுள்ள தைமாலும் இப்படித்தான் வேலை செய்கிறது.

ஆனால் அது ஆய்வகத்தில் நடந்த சோதனை. அங்கே தைலம் மாத்திரைக்குத் துணையாகத்தான் நின்றது. கடையில் வாங்கும் கிராம்புத் தைலத்தை அப்படியே அந்தரங்க இடத்தில் தடவினால் தோல் வெந்துவிடும். குழந்தைகள் விழுங்கினால் கல்லீரலே பாதிக்கப்படும். நம் வீடுகளில் இருக்கும் கருஞ்சீரக எண்ணெயையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது செக்கில் பிழிந்த எண்ணெய். இவை ஆவியில் வடித்த தைலங்கள்.

தொல்லை திரும்பத் திரும்ப வந்தால் முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள். பெண் மருத்துவர் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போகலாம். கர்ப்பமாக இருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தாலும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃப்ளூகோனசோல் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தைலம் ஏதும் தடவியிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.