வீட்டுக்கு சோலார்: சொந்தமாக வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?



கூமாப்பட்டி, வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று நம் பகுதியில் மொட்டை மாடிகளில் சோலார் பேனல்கள் கூடி வருகின்றன. கூடவே வீடு வீடாக ஆட்களும் வருகிறார்கள். "முன்பணம் எதுவும் வேண்டாம், மாடியை மட்டும் கொடுங்கள், பேனலை நாங்களே மாட்டுகிறோம், மாதாமாதம் வாடகை கட்டினால் போதும்" என்கிறார் ஒருவர். "அரசு மானியம் போக மீதிக்கு பேங்க் லோன் வாங்கித் தருகிறோம்" என்கிறார் மற்றவர். எதை எடுப்பது, எதை விடுவது என்று பல குடும்பங்கள் எங்களிடம் கேட்கின்றன.

இதில் கரண்ட் பில் மட்டும் இல்லை. வட்டி இருக்கிறது. 20 வருட ஒப்பந்தம் இருக்கிறது. நமக்குப் பின் அந்த வீட்டுக்கு வாரிசாக வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே கையெழுத்துப் போடும் முன் கணக்கையும் ஒப்பந்தத்தையும் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: உங்களுக்கு சோலார் தேவையா?

வாங்குவதா, வாடகையா என்ற கேள்விக்கு முன்னால் பழைய கரண்ட் பில்களை எடுத்து வையுங்கள். தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேலும் 500 யூனிட் வரை கட்டணம் மெதுவாகத்தான் ஏறும். 500ஐத் தாண்டினால்தான் அடி விழும்.

2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்து ஒரு கணக்கு போடுவோம். 2024 ஜூலையில் 4.83 சதவீதம் உயர்ந்ததால் இன்றைய தொகை இதைவிடச் சற்றுக் கூடும். ஆனால் படிகள் அப்படியேதான் இருக்கின்றன.

இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடினால் பில் 675 ரூபாய்.
500 யூனிட் என்றால் 1,725 ரூபாய்.
510 யூனிட் என்றால் 2,030 ரூபாய். வெறும் 10 யூனிட் கூடியதற்கு 305 ரூபாய்!
900 யூனிட் என்றால் 5,550 ரூபாய்.

நம் பகுதி வெயிலில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். ஃபேன், லைட், டிவி, ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடும் 300 யூனிட் வீட்டில் 1 கிலோவாட் போட்டால் மீதி 60 யூனிட் இலவசத்துக்குள் அடங்கிவிடும், பில் வராது. ஆனால் வருடத்துக்கு மிச்சமாவது சுமார் 4,000 ரூபாய்தான். மானியம் போகக் கையிலிருந்து 45,000 ரூபாய் போட்டால், அதைத் திரும்ப எடுக்கவே 11 வருடம் ஆகும். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு அவசரம் இல்லை. வாடகை சோலார் இவர்களுக்கு அறவே வேண்டாம். மிச்சமாகும் தொகையே அவ்வளவுதான் எனும்போது வாடகை எங்கிருந்து வரும்?

ஏசி ஓடும் வீடு, கூட்டுக்குடும்பம், பில் 500 யூனிட்டைத் தாண்டிக்கொண்டே இருக்கும் வீடு ஆகியவைதான் சோலாரைப் பற்றி யோசிக்க வேண்டியவை.

சொந்தமாக வாங்கினால்

மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். 3 கிலோவாட்டுக்கு மொத்தம் 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் அவ்வளவுதான். உள்நாட்டில் தயாரான செல்லும் பேனலும் இருந்தால்தான் மானியம் கிடைக்கும். விலை குறைவு என்று வேறு பேனலை மாட்டிவிட்டால் மானியம் போய்விடும்.

3 கிலோவாட்டுக்குச் சுமார் 300 சதுர அடி நிழல் இல்லாத மாடி வேண்டும். மொத்தச் செலவை 2 லட்சம் என்று வைத்துக்கொண்டால், மானியம் போக 1,22,000 ரூபாய். இது இரண்டு மாதத்துக்குச் சராசரியாக 720 யூனிட் தரும். வருடம் முழுதும் 900 யூனிட் ஓடும் வீட்டில் 5,550 ரூபாய் பில் 180 ரூபாய்க்கு இறங்கும். வருட மிச்சம் சுமார் 32,000. போட்ட பணம் 4 வருடத்துக்குள் திரும்பிவிடும். கோடை நான்கு மாதம் மட்டும் 900 யூனிட், மற்ற மாதங்களில் 500 யூனிட் என்றால் வருட மிச்சம் சுமார் 17,600. அப்போது 7 வருடம் ஆகும். பேனலுக்குப் பொதுவாக 25 வருட உற்பத்தி உத்தரவாதம் உண்டு. இன்வெர்ட்டரை மட்டும் இடையில் ஒரு முறையாவது மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். மின்வாரியம் பில்லில் வேறு கட்டணம் ஏதும் சேர்க்குமா என்பதைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். மானியம் முதலிலேயே கைக்கு வராது. பேனல் மாட்டி, நெட் மீட்டர் வைத்து, அதிகாரிகள் ஒப்புதல் தந்த பிறகுதான் உங்கள் வங்கிக் கணக்கில் சேரும். ஆகவே முழுத் தொகையையும் முதலில் நாமே திரட்ட வேண்டும். வட்டி நம் வீட்டுக்குள் நுழையும் வாசல் இதுதான்.

லோன் என்ற வாசல்

இந்தத் திட்டத்தில் 3 கிலோவாட் வரை அடமானம் இல்லாத வங்கிக் கடனும் உண்டு. திட்டம் அறிவிக்கப்பட்டபோது அதன் வட்டி சுமார் 7 சதவீதம் என்றார்கள். வீட்டுக்கு வருபவர்கள் இதை "குறைந்த வட்டி" என்று சொல்வார்கள். நமக்குக் குறைந்த வட்டி, கூடிய வட்டி என்ற வேறுபாடு இல்லை. கரண்ட் பில்லைக் குறைப்பது உயிர் காக்கும் நிர்ப்பந்தமும் அல்ல. சோலார் இல்லாமலும் வீட்டில் விளக்கு எரியும்.

வட்டியில்லாமல் வாங்க வழிகள் இருக்கின்றன. சேமித்து வாங்கலாம். இந்தக் கோடை போனால் அடுத்த கோடை. இரண்டாவது, குடும்பத்துக்குள் கர்ளு ஹஸனா. மானியத் தொகை எப்படியும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் வரவிருப்பதால், அந்த 78,000 ரூபாய் அளவுக்கு மச்சானோ, மாமாவோ, வெளிநாட்டில் இருக்கும் தம்பியோ கைமாற்றாகக் கொடுத்தால் மானியம் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதையும் எழுத்தில் வையுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனம் சொந்தக்காரர்களுக்கும்தான்.

மூன்றாவது, விற்பவரிடமே தவணை பேசுவது. ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்குக் கூடுதலான ஒரு விலை என்று இருந்தாலும், ஒப்பந்தத்தின்போதே ஒரே விலையை முடிவு செய்து, தாமதமானால் தொகை கூடாது என்றிருந்தால் அது அனுமதிக்கப்பட்டது என 1990இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்தது. இதில் மாற்றுக் கருத்து கொண்ட ஆலிம்களும் நம்மிடையே உண்டு. ஆகவே உங்கள் ஆலிமிடம் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேளுங்கள். கடைக்காரர் "தவணை" என்று சொல்லிவிட்டு ஏதேனும் நிதி நிறுவனத்தின் தாளில் கையெழுத்து வாங்கினால், அது வட்டிக் கடன்தான். பெயரைப் பார்க்காதீர்கள், தாளைப் பாருங்கள்.

வாடகைக்கு எடுத்தால்

நம்மூரில் லீஸ் என்றால் ஒத்தி வீடு நினைவுக்கு வரும். மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, காலி செய்யும்போது திரும்ப வாங்குவது. சோலார் லீஸ் அதுவல்ல. பேனல் கம்பெனியின் சொத்து, இருக்கும் இடம் மட்டும் உங்கள் மாடி. இதில் இரண்டு வகை உண்டு. மாதம் இவ்வளவு என்று நிலையான வாடகை ஒன்று. பேனல் தரும் கரண்டுக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்பது மற்றொன்று. சூர்ய கர் திட்டத்திலேயே இரண்டாவது வகைக்கு 2024 டிசம்பரில் வழிகாட்டு நெறிகள் வெளியாயின.

இதன் நன்மை, கையில் பணம் இல்லாமலே தொடங்கலாம், பழுது பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. குறை என்னவென்றால் மிச்சத்தில் பெரும்பங்கு அவர்களுக்குப் போகும். உதாரணத்துக்கு யூனிட் 5 ரூபாய் என்று வையுங்கள். 720 யூனிட்டுக்கு 3,600 ரூபாய். மேலே சொன்ன 900 யூனிட் வீட்டில் மிச்சமாகும் 5,370 ரூபாயில் உங்களுக்கு நிற்பது 1,770தான். சொந்தமாக வாங்கியவருக்கோ நான்கு வருடத்துக்குப் பின் முழுவதும் அவருடையது.

அமெரிக்காவில் 2008 வாக்கில் சோலார்சிட்டி போன்ற கம்பெனிகள் இந்த முறையைப் பெரிய அளவில் பரப்பின. 20 வருட ஒப்பந்தம், வருடா வருடம் ஏறும் வாடகை. வீட்டை விற்கப் போனவர்கள் சிக்கினார்கள். வாங்க வருபவர் பேனல் ஒப்பந்தத்தையும் சேர்த்து ஏற்க வேண்டும், இல்லையேல் விற்பவர் மொத்தமாகப் பணம் கட்டி அதை முடிக்க வேண்டும். வருடம் 3 சதவீதம் உயர்வு என்பது சிறியதாகத் தெரியும். இன்று 1,000 ரூபாய் வாடகை 20ஆவது வருடத்தில் சுமார் 1,750 ரூபாய்.

நம் குடும்பங்களில் வீட்டை விற்பதைவிடப் பாகம் பிரிப்பதுதான் அதிகம் நடக்கும். வாப்பா மௌத்தான பின், மாடியில் இன்னும் 12 வருட ஒப்பந்தம் பாக்கி இருந்தால் அதை எந்த வாரிசு ஏற்பது? வாடகை பாக்கி இருந்தால் அது மய்யித்தின் கடன், சொத்தைப் பிரிக்கும் முன் அடைக்க வேண்டியது. இதைப் பேசாமல் கையெழுத்திடுவது பிள்ளைகளுக்குள் மனத்தாங்கலை விட்டுச் செல்வதாகும்.

வாடகைக்கு எடுப்பது மார்க்கத்தில் தடை அல்ல. இஜாரா என்ற பெயரில் அதற்குத் தெளிவான சட்டங்கள் உண்டு. பொருள் உரிமையாளரின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும். பயன் தராத நாளுக்கு வாடகை இல்லை. "வாடகை முடிந்ததும் பேனல் உங்களுக்கே" என்ற வகையை 2000இல் ரியாத்தில் கூடிய அதே அகாடமி ஆராய்ந்தது. வாடகையும் விற்பனையும் தனித்தனி ஒப்பந்தங்களாக இருக்க வேண்டும், பொருள் கெட்டால் நஷ்டமும் பெரிய பராமரிப்பும் உரிமையாளரைச் சேர வேண்டும் என்றது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. எத்தனை வருடம்? இடையில் விலக என்ன தொகை?
2. வாடகை வருடா வருடம் ஏறுமா? எவ்வளவு?
3. தாமதமானால் அபராத வட்டி உண்டா? உண்டென்றால் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.
4. புயல், இடி, குரங்கு என்று எதனால் கெட்டாலும் செலவு யாருடையது? பழுதான நாட்களுக்கு வாடகை உண்டா?
5. அரசு மானியம் யாருக்குப் போகிறது?
6. மாடி ஒழுகினால், மேலே ஒரு மாடி எடுக்க வேண்டுமானால் பேனலைக் கழற்றி மாட்டும் செலவு யாருடையது?
7. வீட்டுக்காரர் இறந்தால் ஒப்பந்தம் என்னாகும்?

பதில் வாய்ச்சொல்லாக இருக்கக் கூடாது, தாளில் இருக்க வேண்டும். தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

நம்மூருக்கான சில குறிப்புகள்

நாம் மலையடிவாரத்தில் இருக்கிறோம். மேற்கே மலை என்பதால் மாலை வெயில் சீக்கிரம் மறையும். தென்னை மர நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே உற்பத்தி குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் குறையும். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மாடியில் நின்று நிழலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பேட்டரி இல்லாத சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அப்படி வைத்திருக்கிறார்கள். "இனி பவர் கட்டே இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் இன்னும் மௌத்தான வாப்பாவின் பெயரிலேயே இருக்கிறது. முதலில் வாரிசுகள் சம்மதத்தோடு பெயர் மாற்றுங்கள். 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்கு இப்போது தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை என்று 2024 முதல் விதி இருப்பதால், அதன் பின் வேலை எளிது.

முடிவாக

பில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் பொறுத்திருங்கள். தாண்டினால், வட்டியில்லாப் பணத்தில் சொந்தமாக வாங்குவதே சிறந்தது. முழுதாக முடியாவிட்டால் 1 கிலோவாட்டில் தொடங்குங்கள். படியேறும் கட்டணத்தில் மேல் படி யூனிட்டுகள்தான் முதலில் குறையும். பின்னால் கூட்டும் எண்ணம் இருந்தால் அதற்கேற்ற இன்வெர்ட்டர் எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை முறை, கையில் பணமே இல்லாத, பில் மிக அதிகமான குடும்பத்துக்கு மட்டும். அதுவும் மேற்சொன்ன ஏழு கேள்விகளுக்கும் நல்ல பதில் கிடைத்தால்தான்.

வெயில் அல்லாஹ்வின் அருட்கொடை, அதற்கு பில் வருவதில்லை. அதை வாங்கப் போய் வட்டியையும் வழக்கையும் வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. வல்ல ரஹ்மான் நம் வருமானத்திலும் செலவிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.