ரசீது போடாத வில்லன்

சிலைக் கடத்தலை வைத்து எடுத்த ஒரு சின்ன பட்ஜெட் சண்டைப் படத்துக்காக எங்கள் கடையிலிருந்து ஒரு தூங்கா விளக்கும் இரண்டு மரப்பெட்டிகளும் ஐந்தாறு ரவிவர்மா அச்சுப்படங்களும் வாடகைக்குப் போயின. தியேட்டரில் படம் ஒரு வாரம் தாங்கவில்லை. பிறகு டிவியில் போட்டபோது, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிற அத்தனை பேரும் பார்த்தார்கள். புதுமுக இயக்குநர் ஒருவருக்கு இத்தனை கறாரான ரசிகர்கள் வேறெங்கும் வாய்த்திருக்க மாட்டார்கள்.

"ஐம்பொன் நடராஜரை ஒத்தைக் கையில தூக்கிக்கிட்டு மாடிக்கு மாடி தாவுறானே, அது என்னய்யா தெர்மாகோலா?" என்றார் எதிர்க்கடை அண்ணன். ஊர்த் திருவிழாவில் சாமி தூக்கித் தோள் காய்த்தவர்; அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் மகனுக்குச் சண்டைகள் பிடித்திருந்தன, பாட்டு வந்தபோது எழுந்து போய்விட்டான். கண்டனூர் ஆச்சி ஒருவர் சண்டையையே பார்க்கவில்லை. அடிபட்டவன் போய் விழுகிற தூண் யார் வீட்டு வளவுத் தூண் என்று கண்டுபிடிப்பதிலேயே குறியாக இருந்தார், கண்டுபிடித்தும் விட்டார். எங்கள் முதலாளி கடைசிவரை வாயே திறக்கவில்லை. படம் முடிந்ததும், "வில்லன் ஒரு இடத்துலகூட ரசீது போடலையேப்பா" என்றார்.

நான் அந்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன். மற்ற விமர்சனங்களை விட்டுவிட்டு அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

எங்கள் தெருவின் வியாபாரம் கோயிலை நம்பிப் பிறந்ததல்ல, வீடுகளை நம்பிப் பிறந்தது. நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று கொண்டுவிற்கப் போன காலத்தில் கட்டிய வீடுகள் அவை. பர்மாத் தேக்கில் தூணும் கதவும், இத்தாலிச் சலவைக்கல்லில் தரை, சுவரில் பெல்ஜியம் கண்ணாடி. பெண்ணுக்குக் கொடுக்கிற சீர்வரிசையில் மங்குச் சாமான், அதாவது பீங்கான் பாத்திரம், அடுக்கடுக்காக வரும். 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். 1948-இல் பர்மா விடுதலை அடைந்த பிறகு நிலங்கள் அரசுடைமை ஆயின. அறுபதுகளில் ராணுவ அரசு கடைகளையும் வங்கிகளையும் எடுத்துக்கொண்டது. வரவு நின்றது, வீடு நின்றது. ஒரே வீட்டில் பத்து, பதினைந்து புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பங்கு. ஆளுக்கொரு திசையில் பிழைப்பு. ஓடு மாற்றவே கூடிப் பேச வேண்டிய நிலையில், இரண்டாங்கட்டுப் பெட்டகத்தைத் திறந்து முதலில் மங்குச் சாமானை விற்றார்கள். அப்புறம் பித்தளை, அப்புறம் கண்ணாடி. கடைசியில் வீட்டையே பிரித்துத் தூணாகவும் உத்தரமாகவும் விற்றார்கள்.

இந்தச் சாமான்களுக்கு நடுவே சாமி படங்களும் வந்தன. கல் பதித்துத் தங்க ரேக்கு ஒட்டிய தஞ்சாவூர்ப் படங்கள், கண்ணாடியில் பின்பக்கமாக வரைந்தவை, 1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் லட்சுமியும் சரஸ்வதியும். அந்த அச்சு லட்சுமிக்குச் சேலைப் பகுதியில் மட்டும் நிஜத் துணியும் சம்கியும் சரிகையும் வைத்துத் தைத்திருப்பார்கள். கலப்பு ஊடகக்கலை என்று இப்போது சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் அது வீட்டுப் பெண்களுக்கு மத்தியானப் பொழுதுபோக்கு. எங்கள் முதலாளி அதைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட உயர்த்திப் பேசுவார். எனக்கும் அதில் மறுப்பில்லை.

வீட்டுச் சாமி வேறு, கோயில் திருமேனி வேறு. படத்தில் இரண்டும் ஒரே குகையில் கிடக்கின்றன. சட்டம் ஒரு வகையில் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கிறது, அதுவும் உண்மைதான். தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டம் 1972-இல் நிறைவேறி 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. நூறு வருஷத்துக்குக் குறையாத சிற்பம், ஓவியம், செதுக்குவேலை எதுவானாலும் அது தொல்பொருள். வாங்கி விற்க உரிமம் வேண்டும். அரசு அறிவித்த வகைகளைத் தொல்லியல் துறையிடம் படத்தோடு பதிய வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ரவிவர்மா கையால் வரைந்த ஓவியங்களை வயது பார்க்காமலே வெளியே அனுப்பத் தடை உண்டு. அச்சுப்படத்துக்கு அது பொருந்தாது என்று வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு விளக்கி விளக்கியே நாங்கள் பாதி வழக்கறிஞர்கள் ஆனோம்.

இனி ரசீது. நிஜத்தில் நடந்த கடத்தல்கள் மூன்றைச் சொல்கிறேன். சிவபுரம் நடராஜர் கதையில் துப்பாக்கியே கிடையாது. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம். 1951-இல் வயலில் கிடைத்த சோழர்காலத் திருமேனி. சில ஆண்டுகளில் பழுது பார்க்கவென்று ஸ்தபதியிடம் போனது. திரும்பி வந்தது நகல். அசல் கைமாறிப் போய்விட்டது. ஊரார் நகலுக்குத் தீபாராதனை காட்டிக்கொண்டிருக்க, கோயிலில் இருப்பது அசல் அல்ல என்று 1965-இல் அச்சில் சொன்னவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட். அப்படியும் 1973-இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் அதைச் சுமார் 10 லட்சம் டாலருக்கு வாங்கினார். வழக்கும் சமரசமும் முடிந்து 1986-இல்தான் அது இந்தியா வந்து சேர்ந்தது.

பத்தூர் நடராஜர் 1976-இல் மண் தோண்டியபோது கிடைத்து, கைமாறி லண்டன் போய், 1982-இல் ஒரு கனடா நிறுவனத்திடம் விலைபோனார். அவருக்காக லண்டன் நீதிமன்றத்தில், இடிந்து கிடந்த கோயிலே ஒரு வழக்காளியாக நின்றது; 1991-இல் ஜெயித்தது. இதைப் படமாக எடுத்தால் இரண்டாம் பாதி முழுக்க வக்கீல்கள்தான் பேசுவார்கள். சண்டைப் பயிற்சியாளருக்கு வேலை இல்லை.

மூன்றாவது அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான். பூட்டிக் கிடந்த பழைய சிவன் கோயில், தினப்படி பூசை இல்லை. 2008-இல் திருமேனிகளைப் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுபோக அதிகாரிகள் வந்து திறந்தபோதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்று ஊருக்கே தெரிந்தது. நடராஜர் அதற்குள் சிலை வியாபாரி சுபாஷ் கபூரின் நியூயார்க் கடைக்குப் போய்விட்டார். அதே 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. சிலையோடு கூடவே ஒரு காகிதமும் போயிருந்தது: 1970-களின் தொடக்கத்திலேயே ஒரு தூதரக அதிகாரியின் குடும்பத்தோடு இது இந்தியாவைவிட்டுப் போய்விட்டது என்று. அந்தக் காகிதம் மட்டும் நம்பப்பட்டால் 1972-ஆம் வருஷச் சட்டமே தொடாது. இப்போது முதலாளி சொன்னது புரிகிறதல்லவா? நிஜ வில்லன் ரசீதைத்தான் முதலில் தயார் செய்கிறான். துறைமுகத்திலும் இதே வித்தைதான். சுவாமிமலையில் வார்த்த புதுச் சிலைகளோடு பழசையும் சேர்த்து, கைவினைப்பொருள் என்று சீட்டு ஒட்டி அனுப்புவது.

அவனைப் பிடித்துக் கொடுத்ததும் காகிதமே. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1956 முதல் கோயில் கோயிலாகப் போய்த் திருமேனிகளைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். அந்தப் பழைய புகைப்படத்தையும் கலைக்கூடத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், வார்ப்பில் விழுந்த குறைவரை ஒத்துப்போகும். கபூர் 2011-இல் ஜெர்மனியில் கைதாகி 2012-இல் இங்கே கொண்டுவரப்பட்டார். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு நடராஜரோடு வந்தார். 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டு தண்டனை விதித்தது. தமிழகக் காவல்துறையில் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு 1983 முதலே இருக்கிறது. ஆனாலும் படம் எடுத்து வைத்த அந்தப் புகைப்படக்காரர்கள் இல்லாமல் அவர்களுக்கும் கை ஓடியிருக்காது என்பது என் கட்சி.

எங்கள் பக்கத்துக் கோயில்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலும் நகரத்தார் சோழநாட்டுக் கோயில்கள் வரை போய்த் திருப்பணி செய்தார்கள். பக்தியில் குறைவில்லை, பணத்திலும் குறைவில்லை. பழைய கருவறையைப் பிரித்துப் புதுக் கருங்கல்லில் கட்டியதில் கல்வெட்டுகள் தொலைந்தன என்று ஆய்வாளர்கள் அப்போதே குறைப்பட்டார்கள். கழற்றிப் போட்ட பழைய சிற்பங்களுக்கு அந்தக் காலத்தில் யாரும் பதிவேடு எழுதவில்லை. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து யோகினிச் சிலைகளை 1920-களில் பாரிஸ் வியாபாரி சி.டி.லூ வாங்கிப் போனார். அவை இன்று பல நாட்டு மியூசியங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுக்கும் எங்கள் திருப்பணிக்கும் தொடர்பில்லை. ஆனால் பழசு என்றால் ஒதுக்கிவைக்கிற மனசு அன்றைக்கு எல்லா ஊரிலும் ஒன்றாகத்தான் இருந்தது.

இப்போது தெருவில் ஒரு புதுச் சிக்கல். சட்டம் சொல்லும் நூறு வருஷம் ஒவ்வொரு வருஷமும் ஒரு படி நகர்கிறது. நேற்றுவரை பழைய சாமானாக இருந்த செதுக்குக் கதவு நாளைக்குத் தொல்பொருள் ஆகிவிடும். எங்கள் வீடுகளில் பெரும்பாலானவை முகப்பிலேயே வருஷத்தைப் பொறித்து வைத்திருக்கின்றன; மறைக்க வழியில்லை. 1924 என்று எழுதிய வீட்டிலிருந்து நிலையோடு ஒரு கதவு வந்தது. யாளி, கஜலட்சுமி, கிளி எல்லாம் உண்டு. கப்பலில் அனுப்பப் போகிற ஒருவர் விலையை ஒத்துக்கொண்டு, பில்லில் மட்டும் "1935 வாக்கில்" என்று போடச் சொன்னார். முதலாளி என்னைப் பார்த்து, "வீட்டுல என்ன எழுதியிருக்கோ அதையே போடப்பா" என்றார். நான் போட்டேன். அவர் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்.