பெயரற்ற வண்டியோட்டிகள்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்துத் தெருப்பெயர்களை வரிசையாக வாசித்துச் செல்பவருக்கு, ஒரு பெரிய மாட்டுத்தொழுவத்தினுள் நுழைந்துவிட்டது போன்ற உணர்வு தோன்றும். பஃபலோ சாலை என்பது எருமைச் சாலை. கெர்பாவ் சாலையும் அதுவே. 'கெர்பாவ்' என்பது எருமையைக் குறிக்கும் மலாய்ச் சொல். பெலிலியோஸ் சாலை, கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வணிகத்திற் பெரும்பொருள் ஈட்டிய யூத வணிகர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. டெஸ்கர் சாலைக்குப் பெயர் தந்தவர், மலாக்காவிற் பிறந்து இறைச்சித் தொழிலிற் செழித்த யுரேசியர். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில். அப்பெயர் பூண்ட மருத்துவமனை 1924ஆம் ஆண்டு மகப்பேற்று மருத்துவமனையாயிற்று. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் நிகழ்ந்த பிறப்புகளில் உலகிலேயே மிகுதி என்று அது பதிவு செய்யப்பட்டது. சிங்கப்பூரர் பலரிடம் பிறந்த இடம் எதுவென வினவினால், 'எருமைக் கொட்டில்' என்றே விடை கூற வேண்டியிருக்கும்!

இப்பெயர்களுள் மாட்டுக்கு உரியவர் இருக்கிறார், மாடும் இருக்கிறது. மாட்டை வண்டியிற் பூட்டி, வெயிலிலும் மழையிலும் ஓட்டிச் சென்றவர் மட்டும் இல்லை. அவ்வண்டியோட்டிகளிற் பெரும்பாலோர் தென்னிந்தியர். தமிழர் அவருள் மிகுதி.

சிராங்கூன் சாலைப் பகுதி மாடுகளுக்கு ஏற்ற நிலம். ரோச்சோர் ஆற்றின் நீரும், எருமைகள் புரளச் சேறும், மேயப் புல்லும் ஒருங்கே அங்கு அமைந்திருந்தன. 1840களில் ஐரோப்பியர் அதனருகே குதிரைப் பந்தயத் திடல் அமைத்தனர். பின்னர் மாட்டுத் தொழில் பெருகியது. அந்நாளில் மாடு என்பது வெறும் பாலும் இறைச்சியும் அன்று. அதுவே நகரின் இயந்திரம். கோதுமை அரைத்ததும் எண்ணெய்ச் செக்கு இழுத்ததும் மாடுகளே. சிராங்கூன் சாலையை ஒட்டிச் செங்கற் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. கட்டடங்கள் எழ எழ, கல்லும் மண்ணும் சுமக்கும் வண்டிகளுக்கும் வேலை பெருகிற்று.

இன்னும் வியப்புக்குரியது ஒன்றுண்டு. சைனாடவுன் எனப்படும் சீனர் குடியிருப்பை மலாய்க்காரர் 'கிரேத்தா ஆயர்' என்றனர்; தண்ணீர் வண்டி என்பது அதன் பொருள். சீனரும் அவ்விடத்தைக் காளைவண்டி நீர் என்று பொருள்படும் பெயராலேயே இன்றளவும் அழைக்கின்றனர். குழாய்நீர் வருமுன், ஆன் சியாங் குன்றின் கிணறுகளிலிருந்து நீரை முகந்து காளை வண்டிகளில் ஏற்றி அப்பகுதிக்கு வழங்கினர். சீனர் தம் குடியிருப்பின் பெயரிலேயே காளை வண்டியைக் கட்டி வைத்திருக்கின்றனர். 'கிரேத்தா' என்ற சொல்லோ போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது என்பர். இன்றைய மலாய் மொழியில் அது மோட்டார் காரைக் குறிக்கிறது. காளை போயிற்று, சொல் மட்டும் புதிய வண்டியில் ஏறிக்கொண்டது.

கடல் கடந்து வந்த தமிழர்க்கு இந்நகரில் நிலம் இல்லை, ஏரும் இல்லை. தஞ்சை, திருச்சி மாவட்டங்களின் உழவுக் குடிகளிற் பிறந்தவர்க்குப் பழகிய பொருளாக எஞ்சியவற்றுள் வண்டி ஒன்று. நுகத்தடி, அச்சு, கடையாணி, ஆரக்கால், குடம், வட்டை என்று அதன் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் அவர் நாவிற் பெயர் இருந்தது. இச்சொற்செல்வம் மிகப் பழையது. புறநானூற்றின் 102ஆம் பாடலில், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழ வந்த ஔவையார் உமணரின் உப்பு வண்டியைக் காட்டுகிறார். பாரமோ பெரிது, எருதுகளோ இளையன, வழியோ மேடுபள்ளம். ஆதலின் உமணர் வண்டியின் அடியில் மற்றோர் அச்சைக் கட்டிவைப்பர். அதற்குச் சேமவச்சு என்று பெயர். இன்று மோட்டார் வண்டிகளில் மாற்றுச் சக்கரம் வைக்கும் வழக்கத்திற்கு ஈராயிரம் ஆண்டு மூத்த தமிழ்ச் சொல் அது. அரசனைப் புகழ வண்டியின் உறுப்பொன்று உவமையாயிற்று எனில், அதன்மேல் தமிழர் கொண்ட மதிப்பை உரைக்க வேறு சான்று வேண்டுவதில்லை.

ஊரில் ஒரே வண்டி இரண்டு வேடம் புனையும். அறுவடை நாளில் அது நெல்மூட்டை சுமக்கும் பார வண்டி. திருவிழா வந்துவிட்டாலோ அதன்மேல் கூண்டு கட்டுவர். வைக்கோல் பரப்பி, பாய் விரித்து, குடும்பம் முழுதும் ஏறிக் கோயிலுக்குப் போகும். மாட்டுப் பொங்கலன்று வண்டியைக் கழுவிப் பொட்டிடுவர். காளையின் கொம்புக்கு வண்ணம் தீட்டுவர். சந்தைக்கும் சாமிக்கும் அதுவே ஊர்தி.

இது தமிழர்க்கு மட்டும் உரிய பண்பு அன்று. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1925ஆம் ஆண்டில், பின்புறம் திறந்த தட்டுடைய 'பிக்கப்' வண்டியைத் தன் ஆலையிலேயே முழுமையாகச் செய்து விற்கத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் 1932ஆம் ஆண்டு உழவர் ஒருவரின் மனைவி அதே நிறுவனத்துக்கு மடல் ஒன்று எழுதினார். ஞாயிறன்று தேவாலயத்துக்குச் செல்லவும், திங்களன்று பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஏற்ற ஒரே வண்டி வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். லூ பேண்ட் என்னும் இளம் வடிவமைப்பாளர் அதற்கு உருவம் கொடுத்தார். 1934இல் அவ்வண்டி விற்பனைக்கு வந்தது. கூண்டு வண்டியின் கதையும் ஏறத்தாழ இதுவே. அந்நாடுகளில் காடு மலைகளிற் சுற்றித் திரிவோர் பலர் இன்றும் பழைய பிக்கப் வண்டியைக் குடும்பத்தில் ஒருவரைப் போல் போற்றுவர். அதன் பின்தட்டு தந்தையின் வயலையும் பிறந்த ஊரின் புழுதியையும் அவர்க்கு நினைவூட்டுகிறது. வண்டி பழையதாக ஆகத்தான் அன்பு முதிர்கிறது போலும்.

சிங்கப்பூரில் அவ்வாறு முதிர்வதற்கு வாய்ப்புக் குறைவு. 1870களின் இறுதியில் தாம்சன் சாலை நீர்த்தேக்கத்து நீர் குழாய்வழி வரவே, தண்ணீர் வண்டிகளின் தேவை குன்றியது. 1880 முதல் ரிக்‌ஷாக்கள் பெருகின. 1905இல் மின் டிராம் ஓடிற்று. சிராங்கூன் சாலையின் சதுப்பு தூர்க்கப்பட்டு வீடுகளும் கடைகளும் எழுந்தன, மாடுகள் அகன்றன. சரக்கு வண்டிகள் சிறிது காலம் தாக்குப்பிடித்தன. மோட்டார் லாரி அவற்றையும் விழுங்கியது. லாரிக்கும் இங்கு நீண்ட ஆயுள் இல்லை. 1990ஆம் ஆண்டு மே மாதம் நடப்புக்கு வந்த வாகன ஒதுக்கீட்டு முறைப்படி, உரிமைச்சான்று பத்தாண்டுகளுக்கே செல்லும். அதைப் புதுப்பித்தாலும் சரக்கு வண்டி 20 ஆண்டுகளுக்குமேல் சாலையில் ஓடலாகாது. இட நெருக்கடி மிக்க தீவுக்கு அது தேவையான ஏற்பாடே. எனினும், தந்தை ஓட்டிய வண்டியை மகன் ஓட்டும் காட்சி இங்கு அரிது.

பொங்கல் நாள்களில் மட்டும் தேக்காவிற்கு மாடு மீள்கிறது. நகர்ப்புறத்துக்கு அப்பாலுள்ள பால்பண்ணையிலிருந்து பசுக்களையும் கன்றுகளையும் கொணர்ந்து காட்சிக்கு நிறுத்துகின்றனர். அடுக்குமாடி வீடுகளிற் பிறந்த சிறுவர் அவற்றை அஞ்சி அஞ்சித் தொட்டுப் பார்க்கின்றனர். தொட்ட கையை முகர்ந்து முகம் சுளிப்போரும் உண்டு. அது பிழையன்று, புதுமை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே தெருக்களில் வேறொரு கூட்டம் நிறைகிறது. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்த கட்டுமானத் தொழிலாளர் அவர்கள். ஊருக்குப் பணம் அனுப்பவும், ஊர்ச் சோறு உண்ணவும், ஊர்க்காரரைக் காணவும் வருகின்றனர். வார நாள்களில் அவருட் பலரை விடுதியிலிருந்து வேலையிடத்திற்கு ஏற்றிச் செல்வது லாரியின் பின்தட்டு. கூரையும் உயர்ந்த பக்கத் தடுப்பும் வேண்டும் என்னும் விதிகளோடு சட்டம் இதற்கு இடமளிக்கிறது. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் விரைவுச்சாலை விபத்தொன்றில் தொழிலாளர் இருவர் உயிர் நீத்தபின், பேருந்தில்தான் ஏற்றிச் செல்ல வேண்டும் என்ற குரல் வலுத்தது. 2023இலும் நாடாளுமன்றத்தில் அது பேசப்பட்டது. சிறு நிறுவனங்களால் செலவைத் தாங்க இயலாது என்பது மறுதரப்பின் வாதம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அச்செலவின் ஒரு பகுதியைப் பின்தட்டில் அமர்ந்திருப்பவர் இன்று தம் உடம்பாற் செலுத்துகிறார்.

காளை வண்டியோட்டிக்குக் கையில் மூக்கணாங்கயிறேனும் இருந்தது; காளைக்குத் தான் விரும்பிய பெயரிட்டு அழைக்கும் உரிமையும் இருந்தது. பின்தட்டில் அமர்ந்து செல்பவர்க்கு வண்டியும் உரிமையன்று; அது செல்லும் வழியும் அவர் கையில் இல்லை. காலையில் அவ்வண்டிகள் சாலையில் நிற்கும்போது பக்கவாட்டில் எழுதப்பட்டிருப்பதைப் படிக்கலாம். நிறுவனத்தின் பெயர், வண்டியின் எடை, சுமக்கத்தக்க எடை, பின்னால் ஏறத்தக்க ஆள்களின் எண்ணிக்கை.